நூற்று நாற்பது எழுத்தில் ஒரு படகு

முப்பத்தொரு வருடம் அறிவியல் பாடம் நடத்தினேன். வினாத்தாள், பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், விடுப்பு விண்ணப்பம் என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அவை எல்லாவற்றையும்விட அதிகம் பேர் படித்தது, நான் எழுதியிருக்கவே கூடாத ஒரு வரியைத்தான். புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பாடம் நடத்தும் முறையைச் சொல்ல நான் வரவில்லை. அதற்குப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. அந்த ஒரு வரியால் என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துகளின் கடைசி வருடங்கள். அப்போது நான் புதுச்சேரி டவுனில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். வீடு முத்தியால்பேட்டையில். எங்கள் பள்ளியில் பிரெஞ்சு நடத்தியவர் பெர்னதெத். அவரைப் பிள்ளைகள் மட்டுமல்ல, நாங்களும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் குடும்பம் பிரான்சில் இருந்ததால் இணையத்தில் புதிதாக எது வந்தாலும் எங்களில் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஒரு நாள் ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நூற்று நாற்பது எழுத்துக்குள் எழுதிப் போடும் ஒரு தளம் வந்திருக்கிறது, அதில் உலகம் முழுக்க ஆசிரியர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றார்.

"நூத்தி நாப்பது எழுத்துல இன்னா மதாம் சொல்ல முடியும்? அட்டெண்டன்ஸ் எடுக்கவே எனக்கு அதுக்கு மேல ஆவும்" என்றேன்.

"அதான் டீச்சர் அதோட அழகு. நீங்க பேச ஆரம்பிச்சா பெல் அடிச்சாலும் நிறுத்தறதில்ல. இது தானா நிறுத்திடும்" என்றார்.

அந்த வாரமே எங்கள் தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எனக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தார். தமிழில் தட்டுவது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதுவோம். 'ழ' வந்தால் அதற்கு மட்டும் இரண்டு எழுத்து செலவாகும். நான் போட்ட முதல் பதிவு இதுதான்: "ஒளி விலகல் நடத்தினேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது."

மறுநாள் போய்ப் பார்த்தால் நான்கு பதில்கள். யாரோ ஒருவர், கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் ஊற்றி அதன் பின்னால் அம்புக்குறி வரைந்த தாளை நகர்த்திக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். செய்து காட்டினேன். அம்பு திரும்பியது. வகுப்பு கத்தியது. அதுவரை பதினெட்டு வருடம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், "இன்னிக்கு என் பாடம் சொதப்பிடுச்சு" என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர்களும் சொன்னார்கள். அந்தச் சில மாதங்களில் நான் கற்றுக்கொண்டது, எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காதது.

இத்தோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் சிரிக்க வைத்தால் பதில் அதிகம் வருகிறது என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். தோற்ற பாடத்துக்கு நான்கு பதில் என்றால், ஒரு வேடிக்கைக்கு இருபது. பிரவுசிங் சென்டர் படியேறும்போதே இன்று எத்தனை வந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடும். நடுத்தர வயதில் எனக்கு அந்த ஆசை வந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். "ஒரு பொருளின் எடை இடத்துக்கு இடம் மாறுமா? உதாரணத்துடன் விளக்குக" என்று கேட்டிருந்தேன். பூமியில் ஓர் எடை, நிலவில் ஓர் எடை என்று எழுத வேண்டும். வைத்திக்குப்பம் என்ற மீனவர் குப்பத்திலிருந்து வரும் கௌசல்யா என்ற மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "மாறும். கடலில் இருக்கும் படகு ஆற்றுக்குள் வந்தால் கனமாகிவிடும்."

சைபர் போட்டேன். அதோடு விடவில்லை. அன்று சாயங்காலம் தளத்தில் எழுதினேன்: "வைத்திக்குப்பத்து மாணவியின் கண்டுபிடிப்பு: கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்தால் படகு கனமாகிவிடுமாம். வழியில் மீன் சாப்பிட்டிருக்கும் போல."

பெயர் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். முப்பதுக்கு மேல் பதில். எல்லாம் சிரிப்பு. சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தேன்.

என்னைத் தொடர்ந்தவர்களில் டியூஷன் நடத்தும் ஒருவர் முத்தியால்பேட்டையிலேயே இருந்தார். அவர் அதைத் தன் டியூஷனில் ஜோக்காகச் சொல்லியிருக்கிறார். அந்த டியூஷனில் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். எங்கள் வகுப்பில் வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்திதான். மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் அவளுக்கு 'குண்டு போட்டு', அதாவது குண்டுப் படகு, என்று பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. எனக்கு எதுவும் தெரியாது. கௌசல்யா அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வந்தது. உள்ளே போனால் மேசைக்கு முன்னால் கௌசல்யாவின் அம்மா அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். காலையில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். காலிக் கூடை வாசலில் இருந்தது. தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"நீதானா டீச்சரு? எம் பொண்ணு தப்பா எழுதுச்சுன்னா அடி, திட்டு, மார்க்கு போடாத. ஊரக் கூட்டி ஏன் சிரிச்ச? ரெண்டு நாளா சோறு துன்னாம அழுவுது. ஸ்கூலே வேணாம்னுது. தவளக்குப்பத்துல எங்க அக்கா ஊட்டுக்கு அனுப்பிடறேன். அங்க போயி தையலு கத்துக்கட்டும்."

"நான் பேரு போடலைங்களே" என்று வாய் தானாகச் சொன்னது.

"ஊரப் போட்டியே" என்றார் அஞ்சலை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைமையாசிரியர் கணக்கு வாத்தியார், நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். கதவைச் சாத்திவிட்டு, "என்ன டீச்சர் இது? நெட்டுல போய் பிள்ளைங்களப் பத்தி எழுதலாமா? விஷயம் மேல போச்சுன்னா உங்கள ஏனாமுக்குத் தூக்கி அடிப்பாங்க. எழுதினதை உடனே அழிச்சிடுங்க. யாரு கேட்டாலும் அப்படி எதுவும் எழுதவே இல்லன்னு சொல்லிடலாம். அந்தம்மா கையில என்ன சாட்சி இருக்கு?" என்றார்.

புதுச்சேரி அரசு ஆசிரியர்களுக்கு ஏனாம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திரத்துக்குள் இருக்கும், நம் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர். இரவு முழுக்க ரயில், அப்புறம் பஸ். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. கணினி அறைக்கு ஓடினேன். மதாமும் கூட வந்தார். அந்த இணையத்தில் பக்கம் திறப்பதற்குள் ஒரு பாடவேளை முடிந்துவிடும்போல இருந்தது. கடைசியில் திறந்தது. அழிக்கும் பொத்தான் மேல் கையை வைத்தபோது, சிரிப்புகளுக்கெல்லாம் கீழே ஒரு பதில் கண்ணில் பட்டது.

தன் படத்துக்குப் பதிலாகப் பலாப்பழப் படம் வைத்திருந்த ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். எந்த ஊர், ஆணா பெண்ணா, இன்றுவரை தெரியாது. "அந்தப் பெண் எதைப் பார்த்து அப்படி எழுதினாள் என்று கேட்டீர்களா?" அவ்வளவுதான்.

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டு மூன்று முறை படித்தேன். பிறகு சட்டென்று உறைத்தது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும், நல்ல தண்ணீரில் முழுகும் என்று வருடா வருடம் செய்து காட்டுகிறவள் நான். முட்டைக்குப் பதில் படகு வந்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

"அழிக்கலயா டீச்சர்?" என்றார் மதாம்.

"இப்ப அழிச்சா நான் தப்பிச்சுக்கலாம். அந்தப் பொண்ணு மாட்டிக்கும். பட்டப்பேரை எப்படி அழிக்கறது? முதல்ல போய்க் கேட்டுட்டு வரேன்."

"ஆந்திராவுக்குப் போறதுக்கு முன்னாடி வைத்திக்குப்பமா? வாங்க, நானும் வரேன்" என்றார் அவர்.

பள்ளி விட்டதும் இருவரும் போனோம். படகுகளைத் தாண்டி வீட்டைக் கேட்டுக்கொண்டே போனபோது எங்களுக்கு முன்னாலேயே சேதி போய்விட்டது. அஞ்சலை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கௌசல்யா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. "நான் பண்ணது தப்பும்மா" என்றதோடு நின்றுவிட்டேன். பிறகு பலாப்பழத்தின் கேள்வியை அப்படியே கேட்டேன். "எதைப் பார்த்து அப்படி எழுதின?"

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள். "எங்கப்பா போட்டுல செவப்புப் பட்டைக்குக் கீழ ஒரு வெள்ளைக் கோடு இருக்கும் மிஸ். மழைக்காலத்துல போட்டை ஆத்து வாயில கொண்டுபோய்தான் கட்டுவாங்க. நெறைய லோடு இருந்தா, கடல்ல வரும்போது அந்தக் கோடு தெரியும். ஆத்துக்குள்ள வந்துட்டா முழுகிடும். மீனு அதே மீனு, ஆளு அதே ஆளு. அப்ப போட்டுதானே கனமாயிருக்கணும்?"

"உங்கப்பா என்ன சொல்வாரு?"

"ஆத்துத் தண்ணி தாங்காதுன்னுவாரு."

நானும் மதாமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம் வரும் அடர்த்தியை அவள் அப்பா மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார். மகள் பார்த்ததும் சரி. ஆனால் பதில் தவறுதான். எடை மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது. இதை விளக்கினேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். எனக்கிருந்த குற்றவுணர்ச்சியில், "பாதி மார்க்காவது போட்டுடறேன்" என்றேன்.

"வேணாம் மிஸ். தப்புன்னா சைபர் சைபராவே இருக்கட்டும். சிரிச்சதுதான் தப்பு."

இந்த இடத்தை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். நான் அவளுக்கு மதிப்பெண்ணைத் தரப் பார்த்தேன். அவள் கேட்டது மரியாதையை. பயத்தில் இருக்கும்போது நாம் எது சுலபமாகக் கையில் இருக்கிறதோ அதை எடுத்து நீட்டுவோம்.

"நான் எழுதினதை அழிச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

"அழிச்சா கிளாஸ்ல மறந்துடுவாங்களா? அதுக்குக் கீழயே சரியா எழுதுங்க" என்றாள்.

அவளுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கில எழுத்தில் எழுதினேன். மதாம் எழுத்துகளை எண்ணினார். படகு கனமாகாது. ஆத்துத் தண்ணி தாங்காது, அதான் அமிழுது. மாணவி பார்த்தது சரி. சிரிச்சது என் தப்பு. இடம் மிச்சம் இருந்தது. கௌசல்யா தன் பெயரைப் போடச் சொன்னாள். நான் மறுத்தேன். மாணவியின் பெயரை ஊரறிய எழுதக் கூடாது, நல்லதுக்கும் கூடாது என்று சொன்னேன். இந்தப் புத்தி முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

வாசலில் நின்ற அஞ்சலை குறுக்கே புகுந்தார். "பேரு வேணாம். அன்னிக்குக் கேலி பண்ணசொல்ல ஊரைப் போட்டல்ல? இதுலயும் ஊரைப் போடு."

'மாணவி'யை அடித்துவிட்டு 'வைத்திக்குப்பம் பொண்ணு' என்று போட்டேன்.

"கடுதாசின்னா கடைசியில யாரு எழுதினதுன்னு வேணாமா? இப்படிக்கு டீச்சருன்னு போடு" என்றார் மறுபடி.

போட்டோம். மதாம் எண்ணிப் பார்த்து, "ஓ லா லா, நூத்தி நாப்பத்தொண்ணு" என்றார். ஓர் எழுத்து அதிகம்.

"ஒண்ணுக்கு இன்னா பெரிய இது? உட்டுக் குடுக்க மாட்டானா?" என்றார் அஞ்சலை.

"மாட்டான்மா, அது மிஷினு" என்று கௌசல்யா சொல்லிவிட்டு, ஒரு முற்றுப்புள்ளியை எடுத்தாள். சரியாக நூற்று நாற்பது. அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அஞ்சலை எங்களுக்கு டீ போட உள்ளே போனார்.

அன்று இருட்டுவதற்குள் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதை அப்படியே தட்டினேன். அம்மாவும் மகளும் கூடவே வந்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் காலை கௌசல்யா பள்ளிக்கு வந்தாள். அஞ்சலையும் வந்தார், ஒரு குடம் கடல் தண்ணீரோடு. நான்தான் கேட்டிருந்தேன். வகுப்பில் ஒரு வாளியில் கடல் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். ஜூஸ் குடிக்கும் உறிஞ்சுகுழலின் அடியில் களிமண்ணை அடைத்து, மேலே மார்க்கரால் கோடு போட்டு மிதக்கவிட்டேன். முதலில் எல்லோர் முன்னாலும், "கௌசல்யா பார்த்தது சரி. நான் சிரித்தது தப்பு" என்று சொன்னேன். பிறகு அவளையே செய்து காட்டச் சொன்னேன்.

கடல் தண்ணீரில் கோடு மேலே நின்றது. குழாய்த் தண்ணீரில் இறங்கியது. ஆனால் வித்தியாசம் ஒரு நெல்மணி அளவுதான். பின் பெஞ்சிலிருந்து, "ஒண்ணும் தெரியல மிஸ்" என்று குரல் வந்தது. இந்தப் பெண்ணை மறுபடியும் மாட்டிவிட்டேனோ?

கௌசல்யா அசரவில்லை. "இருங்க மிஸ்" என்று மதிய உணவுக் கூடத்துக்கு ஓடி, கை நிறையக் கல் உப்போடு வந்தாள். குழாய்த் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். கோடு மேலே ஏற ஆரம்பித்தது. இன்னொரு கை. இன்னும் ஏறியது. பின் பெஞ்ச் எழுந்து முன்னால் வந்துவிட்டது. பட்டப்பெயர் வைத்தவனே, "மிஸ், கரும்புச் சாறுல போட்டா?" என்று கேட்டான்.

"தெரியாது. நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். ஆசிரியராக நான் சொன்ன மிக நல்ல பதில்களில் அதுவும் ஒன்று.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் தலைமையாசிரியர் பயத்தில் தாமே மேலிடத்துக்குப் போன் செய்து சொல்லியிருந்தார். அடுத்த வாரம் ஓர் அதிகாரி வந்தார். நான் இரண்டு பதிவுகளையும், கீழே வந்த பதில்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் ஏனாம் பஸ் ஸ்டாண்டே தெரிந்தது.

அதிகாரி நிதானமாகப் படித்தார். "இதை நீங்க அழிச்சிருக்கலாமேம்மா. எங்க கையில சாட்சி இருந்திருக்காதே."

"அழிச்சிருந்தா உங்ககிட்ட பொய் சொல்லணும் சார். எனக்கு அவ்ளோ ஞாபகசக்தி கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. மாணவரைப் பற்றிப் பொதுவெளியில் எழுதியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நியாயமான கடிதம். ஏனாம் பேச்சே எழவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த உறிஞ்சுகுழல் சோதனையை மத்த ஸ்கூலுக்கும் எழுதி அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகும் அந்தத் தளத்தில் எழுதினேன், ஓய்வு பெறும்வரை. பிள்ளைகளின் தவறுகளை எழுதுவதை விட்டுவிட்டேன், என் தவறுகளே தீராமல் இருந்தன. பதில்கள் பழையபடி நாலைந்தாகக் குறைந்தன. அந்த நாலைந்தும் எனக்கு உபயோகப்பட்டன. எழுதுமுன் ஒன்றை மட்டும் யோசிப்பேன்: இதைச் சம்பந்தப்பட்ட பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுத்தெண்ணிக்கொண்டிருந்தால் தட்டுவேனா?

அந்த எச்சரிக்கைக் கடிதம் வாங்கி ஒரு மாதம் இருக்கும். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மறுபடியும் என்னவோ என்று பயந்தேன். தணிந்த குரலில், "அதுல எனக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுங்க டீச்சர். பேரு தெரியக் கூடாது" என்றார். ஆரம்பித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் யோசித்து அவர் போட்ட முதல் பதிவு: "நெகடிவ்வை நெகடிவ்வால் பெருக்கினால் பாசிட்டிவ். இருபத்தைந்து வருடமாகச் சொல்லித் தருகிறேன். ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை."

மறுநாள் காலை மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். பதினோரு பதில்கள். ஒருவர் கடன் உதாரணம் சொல்லியிருந்தார், ஒருவர் பின்னோக்கி நடப்பதைச் சொல்லியிருந்தார், ஒருவர் படம் வரைந்தே அனுப்பியிருந்தார்.

"யாரு டீச்சர் இவங்கல்லாம்? முன்னப்பின்ன தெரியாது. எனக்கு எதுக்கு இவ்ளோ மெனக்கெடறாங்க?" என்றார்.

"அவங்களையும் ஒரு பையன் கேட்டிருப்பான் சார்" என்றேன்.